கேம் பாதியில் மூடிக்கொண்டால்: ஓவர்லே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறோம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கங்களிலிருந்து கேமிங் கணினிகள் எங்களிடம் வருகின்றன. விளையாடிக்கொண்டிருக்கும்போதே கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிடுகிறது என்ற புகாரோடு வந்தவற்றில் பலவற்றை, உதிரிபாகம் எதையும் மாற்றாமல், கேமின் மேல் படம் வரையும் ஓவர்லே செயலிகளை அணைத்தே சரிசெய்து அனுப்பியிருக்கிறோம். கடையில் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறோம். இவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளுக்கு உரியவை. செட்டிங்ஸ் பெயர்களைத் திரையில் தெரியும் ஒலியிலேயே எழுதியிருக்கிறோம். செயலியின் பதிப்பு மாறினால் அவை இருக்கும் இடம் சற்று மாறக்கூடும்.

ஓவர்லே என்றால் என்ன? நான் அப்படி எதையும் என் கணினியில் போடவில்லையே?

கேம் ஓடும்போது அதன் படத்துக்கு மேலேயே வேறொரு செயலி தன்னுடைய எழுத்தையோ பெட்டியையோ காட்டினால் அதுதான் ஓவர்லே. ஷிஃப்ட், டேப் இரண்டையும் அழுத்தினால், கேம் விற்கும் செயலியான ஸ்டீமில் திறக்கும் திரை, நண்பர்களோடு பேச உதவும் டிஸ்கார்டில் யார் பேசுகிறார்கள் என்று ஓரத்தில் தெரியும் பெயர்கள், ஆல்ட்டும் இசட்டும் அழுத்தினால் வரும் என்விடியா பட்டை, விண்டோஸ் பொத்தானையும் ஜி-யையும் அழுத்தினால் வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பார், மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் எண் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) எல்லாம் இந்த வகையே. ஏஎம்டி அட்ரினலின், ஓவர்வுல்ஃப், ஈஏ ஆப், யூபிசாஃப்ட் கனெக்ட், ஜிஓஜி கேலக்ஸி ஆகியவற்றுக்கும் சொந்த ஓவர்லேக்கள் உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோடு சேர்ந்து வரும் ரிவாட்யூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர்தான் அந்த எஃப்பிஎஸ் எண்ணைத் திரையில் எழுதுகிறது.

‘நான் எதையும் போடவில்லை’ என்பவர்கள் பொய் சொல்வதில்லை. கேம் வாங்க ஒரு லாஞ்சர், நண்பர்களோடு பேச ஒரு செயலி, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு டிரைவர், அவ்வளவுதான் போட்டிருப்பார்கள். மூன்றும் தத்தம் ஓவர்லேயைக் கூடவே அழைத்து வந்திருக்கும். மதர்போர்டோடு வரும் சில ஒலிச் செயலிகளும் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கேமின் மேல் வரைந்து காட்டுகின்றன. ஒலிக்கான செயலி படத்தில் கை வைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதால், அதைக் கடைசியில்தான் சந்தேகப்படுகிறார்கள்.

திரையில் நான்கு எழுத்து கூடுதலாகத் தெரிவதற்காகக் கேம் ஏன் மூட வேண்டும்?

அந்த நான்கு எழுத்தை வெளியே நின்று எழுத முடியாது என்பதே காரணம். பெரும்பாலான ஓவர்லேக்கள் தம்முடைய டிஎல்எல் கோப்பு (வேறொரு நிரலுக்குள் ஏறி ஓடும் நிரல் துண்டு) ஒன்றைக் கேமின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றிவிடுகின்றன. கேம் ஒரு நொடிக்கு 60 படங்கள் வரைகிறது என்றால், ஏறக்குறைய 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு படம் முடிகிறது. முடிந்த படத்தைத் திரைக்கு அனுப்பும்படி, கேம்கள் படம் வரைய விண்டோஸ் தரும் டைரக்ட்எக்ஸில் ‘பிரசென்ட்’ என்ற செயற்கூறைக் கேம் ஒவ்வொரு முறையும் அழைக்கிறது. ஓவர்லே அந்தச் செயற்கூறின் தொடக்கத்தில் உள்ள கட்டளைகளை மாற்றி, அழைப்பு முதலில் தன்னிடம் வந்துவிட்டுப் பிறகு பழைய முகவரிக்குப் போகும்படி செய்துகொள்கிறது. வந்த இடைவெளியில் தன் எழுத்தை வரைந்துவிடுகிறது. இதற்கு ‘ஹூக்’ என்று பெயர்.

ஓர் ஓவர்லே மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிழைப்பு ஓடிவிடும். இரண்டாவது ஓவர்லே வந்து அதே இடத்தில் ஹூக் போடும்போது, முதலாவது மாற்றி வைத்த முகவரியையே உண்மையான முகவரி என்று நம்பிக் குறித்துக்கொள்கிறது. பிறகு முதலாவது செயலி தன்னை அப்டேட் செய்துகொண்டோ மூடிக்கொண்டோ வெளியேறினால், இரண்டாவது தன் கையில் உள்ள பழைய முகவரிக்கே அழைப்பை அனுப்பும். அங்கே இப்போது ஒன்றும் இருக்காது. காலி செய்து போனவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போன்ற நிலை. இல்லாத நினைவக இடத்தைத் தொட்ட குற்றத்துக்காக விண்டோஸ் அந்த நிரலை மூடுகிறது. ஓவர்லேயின் பிழையாக இருந்தாலும், அது கேமின் நினைவகத்துக்குள் இருந்து செய்த பிழை என்பதால் மூடப்படுவது கேம்தான். மூடியது கேம், எனவே பழுது கேமில் என்று எல்லோரும் நினைப்பதும் இதனால்தான்.

எந்தச் சமயங்களில் அதிகமாக மூடும்?

தொடங்கிய சில நொடிகளில், ஆல்ட்-டேப் அழுத்தி வெளியே போய் வரும்போது, ரெசல்யூஷன் மாற்றும்போது, அறிவிப்பு ஒன்று கேமின் மேல் எழும்போது, கேமிலிருந்து வெளியேறும்போது. இந்த ஐந்தில் ஏதேனும் ஒன்றோடு உங்கள் கிராஷ் ஒத்துப்போனால் ஓவர்லேயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆல்ட்-டேப்பும் ரெசல்யூஷன் மாற்றமும் ஏன் ஆபத்தானவை என்பதைச் சற்று விளக்கலாம். கேம் தன் திரை அளவை மாற்ற வேண்டுமானால், அதுவரை வரைந்துகொண்டிருந்த படப் பரப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லோரும் அவற்றை விட்டுவிட வேண்டும் என்பது டைரக்ட்எக்ஸின் விதி. கேம் ஒழுங்காக விட்டுவிடுகிறது. ஓவர்லே தன் கையில் உள்ளதை விட மறந்தால் அளவு மாற்றம் தோல்வியடையும்; அத்தோல்வியை எதிர்பார்த்து எழுதப்படாத கேம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். இப்படிப்பட்ட கணினிகளில் கேமை முழுத்திரையிலிருந்து ‘பார்டர்லெஸ் விண்டோ’ முறைக்கு மாற்றினாலே தொந்தரவு பெரும்பாலும் குறைந்துவிடும். அது தீர்வு அல்ல. ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும்.

தினமும் இரவு எட்டு மணி அளவில்தான் மூடுகிறது. கரண்ட் பிரச்சினையாக இருக்குமா?

இதே கேள்வியோடு காசிமேட்டிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்தார்கள். சிபியுவைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். எட்டு மணிக்கு அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடத் தொடங்கும், வோல்டேஜ் இறங்கும், அதனால்தான் கேம் நிற்கிறது என்பது வீட்டாரின் எண்ணம். வேறொரு கடையில் கார்டு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். “பதினெட்டாயிரம் ஆகுமாம் தம்பி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார் தந்தை.

மகனிடம், கேம் மூடும்போது ஃபேன் நிற்கிறதா என்று கேட்டோம். “இல்லண்ணா. பின்னாடி பாட்டு போட்டு வெச்சிருப்பேன், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்” என்றான். அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மின்சாரம் காரணமாக இருந்தால் பாட்டும் நின்றிருக்கும். கணினி முழுவதும் அணைந்து மறுபடி எழுந்திருக்கும். கணினியில் நடப்பவற்றைப் பதிந்து வைக்கும் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர்’ என்ற பெயரில் 41 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழுந்திருக்கும். அப்படி ஒரு பதிவும் அதில் இல்லை. கேம் மூடிய நாட்களுக்கான பதிவுகள் பதினொன்று இருந்தன. அவற்றுள் ஒன்பதில் குற்றம் சாட்டப்பட்டது ஒரே கோப்பு, அவன் நண்பர்களோடு பேசப் பயன்படுத்தும் செயலியின் ஓவர்லே கோப்பு.

எட்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஏழரைக்கு டியூஷன் முடித்து நண்பர்கள் ஒவ்வொருவராகக் குழு அழைப்பில் சேர்வார்கள். சேரும் ஒவ்வொருவரின் பெயரும் கேமின் மேல் அறிவிப்பாக எழும். அந்த அறிவிப்பும், எஃப்பிஎஸ் எண்ணைக் காட்டுவதற்காக அவன் போட்டிருந்த இன்னொரு செயலியும் ஒரே நேரத்தில் வரைய முற்பட்டபோது கேம் விழுந்திருக்கிறது. பேச்சுச் செயலியின் ஓவர்லேயை மட்டும் அணைத்துவிட்டு, அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, ஒன்பதரை வரை கடையிலேயே நண்பர்களோடு விளையாடச் சொன்னோம். ஒருமுறைகூட மூடவில்லை. கார்டு அப்படியே இருக்கிறது.

வடசென்னையில் வோல்டேஜ் தொந்தரவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கேம் மட்டும் மூடுகிறதா, கணினியே அணைகிறதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். கணினியே அணைந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கு உதவாது. யூபிஎஸ், கணினிக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி இரண்டையும் சோதிக்க வேண்டும்.

ஓவர்லேதான் காரணம் என்று நானே எப்படி உறுதி செய்வது?

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும். அதைத் திறந்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம் தெரியும். ஏதேனும் ஒரு நிரல் விழுந்த நாளில் சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கும். அந்த நாளைச் சொடுக்கி, கீழே வரும் பட்டியலில் உங்கள் கேமின் பெயர் உள்ள வரியை இருமுறை சொடுக்குங்கள். ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்ற இடத்தில் உள்ள பெயர்தான் நமக்கு வேண்டியது. ஈவென்ட் வியூவரில் பார்க்க விரும்பினால், ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘அப்ளிகேஷன்’ பகுதியில் 1000 என்ற எண்ணுள்ள பதிவுகளைத் தேடுங்கள். அதே தகவல் அங்கும் இருக்கும்.

அந்தப் பெயர் கேம்ஓவர்லேரெண்டரர்64 என்று இருந்தால் ஸ்டீம். ஆர்டிஎஸ்எஸ்ஹூக்ஸ்64 என்றால் ரிவாட்யூனர். கிராபிக்ஸ்-ஹூக்64 என்றால் திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ். ஐஜிஓ64 என்றால் ஈஏ. பெயர் விளங்காவிட்டால் அதற்குக் கீழே கோப்பு எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்ற பாதை இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் அந்தப் பாதையிலேயே இருக்கும். கூடவே ‘எக்ஸெப்ஷன் கோட்’ என்ற இடத்தில் 0எக்ஸ்சி0000005 என்று இருந்தால், மேலே சொன்ன, தனக்கு உரியதல்லாத நினைவக இடத்தைத் தொட்ட குற்றம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த இடத்தில் இருப்பது விழுந்த இடத்தின் பெயர். தள்ளிவிட்டவரின் பெயராக அது இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. விண்டோஸின் என்டிடிஎல்எல் கோப்போ, கேமின் சொந்தக் கோப்போ, கிராபிக்ஸ் டிரைவரின் கோப்போ குறிக்கப்பட்டிருந்தாலும் ஓவர்லே காரணமாக இருக்கலாம். ஓவர்லேயின் பெயர் தெரிந்தால் வலுவான சாட்சி கிடைத்தது என்று கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அதை வைத்தே ஓவர்லேயை விடுதலை செய்துவிடாதீர்கள்.

சரி, எதை முதலில் அணைப்பது?

எல்லாவற்றையும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுதான் பொதுவாக எல்லோரும் செய்வது, அதில்தான் ஏமாறுகிறார்கள். இரண்டு ஓவர்லேக்கள் மோதுவதால் கேம் விழுகிறது என்றால், இரண்டில் எதை அணைத்தாலும் சரியாகிவிடும். அணைத்தது குற்றவாளி என்று முடிவு கட்டி மற்றதை வைத்துக்கொள்வீர்கள். அடுத்த வாரம் மூன்றாவது ஒன்று சேரும்போது மறுபடியும் விழும்.

எனவே, முதலில் எல்லா ஓவர்லேக்களையும் அணைத்துக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கமாக எவ்வளவு நேரத்தில் மூடுமோ அதைப்போல மூன்று மடங்கு நேரம் விளையாடுங்கள். இருபது நிமிடத்தில் மூடும் கேம் என்றால் ஒரு மணி நேரம். மூடவில்லை என்றால் உங்களுக்கு மிகவும் தேவையான ஒரே ஓர் ஓவர்லேயை மட்டும் திரும்பப் போட்டு, அதே அளவு நேரம் விளையாடுங்கள். பிறகு அடுத்தது. ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. ஆனால் பணம் செலவாகாத வேலை. இதற்கிடையில் டிரைவரையோ கேமையோ விண்டோஸையோ அப்டேட் செய்யாதீர்கள். செய்தால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

எல்லாவற்றையும் அணைத்தும் மூடுகிறது என்றால் ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்ற விண்டோஸ் கருவி மூலம் மைக்ரோசாஃப்டின் சேவைகளை மறைத்துவிட்டு மற்ற எல்லாச் சேவைகளையும் நிறுத்தி ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். அப்போதும் மூடினால் ஓவர்லே குற்றமற்றது. நிறுத்தியவற்றைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள். மறந்துவிட்டு, ஏமாற்று நிரல்களைத் தடுக்கும் ஆன்டி-சீட் சேவை இல்லாததால் கேமே திறக்கவில்லை என்று வருபவர்களும் உண்டு.

ஒவ்வொன்றையும் எங்கே அணைப்பது?

ஸ்டீமில், செட்டிங்ஸுக்குள் ‘இன் கேம்’ பகுதியில் எல்லாக் கேம்களுக்கும் சேர்த்து அணைக்கலாம். குறிப்பிட்ட ஒரு கேமுக்கு மட்டும் வேண்டுமானால், லைப்ரரியில் அதன் பெயர்மேல் மவுஸின் வலப் பொத்தானால் சொடுக்கி ‘ப்ராப்பர்டீஸ்’, ‘ஜெனரல்’ என்று போனால் அங்கேயே இருக்கிறது. டிஸ்கார்டில் யூசர் செட்டிங்ஸில் ‘கேம் ஓவர்லே’ என்ற பக்கம். என்விடியா ஆப்பில் செட்டிங்ஸின் ‘ஃபீச்சர்ஸ்’ பகுதி. பழைய ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இன்னும் இருந்தால் அதன் ‘ஜெனரல்’ பகுதியில் ‘இன்-கேம் ஓவர்லே’. ஏஎம்டியில் பல்சக்கரக் குறியைச் சொடுக்கி ‘ப்ரிஃபரன்சஸ்’. ஈஏ, யூபிசாஃப்ட் இரண்டிலும் அவற்றின் செட்டிங்ஸிலேயே ஓவர்லேக்கான தனிப் பொத்தான் உண்டு.

ஆஃப்டர்பர்னரை மட்டும் மூடினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ரிவாட்யூனருக்குக் கடிகாரத்தின் அருகே ட்ரேயில் தனி ஐகான் உண்டு. அதையும் பார்த்து மூட வேண்டும். அதை முழுவதும் இழக்க மனமில்லாதவர்கள், அதற்குள் பிரச்சினை தரும் கேமின் இஎக்ஸ்இ கோப்பைப் பட்டியலில் சேர்த்து, ‘அப்ளிகேஷன் டிடெக்ஷன் லெவல்’ என்பதை ‘நன்’ என்று வைத்தால், அந்தக் கேமை மட்டும் அது தொடாது.

எக்ஸ்பாக்ஸ் கேம் பார் விண்டோஸின் சொந்த உறுப்பு. எங்கள் அனுபவத்தில் அதனால் வந்த தொந்தரவு குறைவு. சோதனைக்காக அணைத்துப் பாருங்கள், ஆனால் முதலில் அதைத் துரத்தாதீர்கள்.

அணைத்துவிட்டேன், ஆனாலும் அதே கோப்பின் பெயர்தான் வருகிறது.

மூடியது ஜன்னலை மட்டும்தான். செயலி ட்ரேயில் உயிரோடு இருக்கிறது. அங்கே அதன் ஐகானை மவுஸின் வலப் பொத்தானால் சொடுக்கி ‘எக்ஸிட்’ கொடுங்கள். கேமைத் திறந்த பிறகு ஓவர்லேயை அணைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் கோப்பு ஏற்கெனவே உள்ளே ஏறிவிட்டது. கேமையும் மூடித் திறக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ கருவியை இறக்கிக்கொண்டு, கேம் ஓடும்போது அதன் பெயரைத் தேர்ந்தெடுத்து, கீழ்ப் பகுதியில் டிஎல்எல் பட்டியலைத் திறந்து பாருங்கள். கேமுக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நிறுவனப் பெயரோடு தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் திகைத்துப்போகிறார்கள். ஆன்டி-சீட் உள்ள கேம்களில் இந்தப் பட்டியல் தெரியாமல் போகலாம்.

டைரக்ட்எக்ஸுக்குப் பதிலாக வல்கன் என்ற முறையில் படம் வரையும் கேம்களில் வழி வேறு. அங்கே ஹூக் போடத் தேவையில்லை. ‘இம்ப்ளிசிட் லேயர்’ என்ற பெயரில் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிந்து வைத்துவிட்டால், எந்த வல்கன் கேம் திறந்தாலும் அந்த ஓவர்லே தானாகவே ஏறிக்கொள்ளும். செயலியை அரைகுறையாக நீக்கினால் இந்தப் பதிவு தங்கிவிடுவதும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 போல வல்கன், டைரக்ட்எக்ஸ் 11 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடும் கேம்களில் மற்றதற்கு மாற்றிப் பார்த்தால் விடை விரைவில் தெரியும்.

ஃபார்மேட் போட்டதும் சரியாகிவிட்டது. மூன்று நாள் கழித்து மறுபடியும் மூடுகிறதே?

எங்களை அதிகம் சலிப்படைய வைக்கும் கேள்வி இதுதான், கேட்பவர்மேல் தவறு இல்லை என்றாலும். ஃபார்மேட் போட்ட கணினியில் விண்டோஸும் கேமும் மட்டுமே இருக்கும். விண்டோஸோடும் லாஞ்சரோடும் வருவதைத் தவிர வேறு ஓவர்லே இருக்காது. அதனால் கேம் நன்றாக ஓடும். பிறகு முதல் நாள் பேச்சுச் செயலி, இரண்டாம் நாள் கார்டுக்கான செயலி, மூன்றாம் நாள் எஃப்பிஎஸ் காட்டும் செயலி என்று பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிடுவார்கள். ஃபார்மேட் போட்டவர் நோயைக் குணப்படுத்தவில்லை. வீட்டைக் காலி செய்து கொடுத்தார். கூலியும் வாங்கிக்கொண்டார். 100 ஜிபி கேமை மறுபடி இறக்கும் டேட்டா செலவு உங்களுடையது.

கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்கிறார்கள். எப்படி வேறுபடுத்துவது?

கார்டில் கோளாறு என்றால் அது ஒரு கேமோடு நிற்காது. திரையில் கட்டம் கட்டமாக நிறங்கள் சிதறும், கோடுகள் வரும், திரை சில நொடிகள் கறுத்து மீளும். கிராபிக்ஸ் கார்டு 2 நொடிகளுக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்குவது இயல்பான ஏற்பாடு. அப்போது ஈவென்ட் வியூவரின் ‘சிஸ்டம்’ பகுதியில் 4101 என்ற எண்ணில் பதிவு விழும். அந்தப் பதிவு திரும்பத் திரும்ப இருந்தால் டிரைவர், சூடு, மின்சாரம், கார்டு என்ற வரிசையில் பாருங்கள். கேம் மட்டும், படச் சிதறல் எதுவுமின்றி, சொல்லிவைத்தாற்போல் ஆல்ட்-டேப்பில் மூடினால் கார்டைத் திட்டுவதில் நியாயமில்லை.

சூட்டைப் பற்றி எங்கள் பகுதிக்காக ஒரு வார்த்தை. ராயபுரம், காசிமேடு பக்கத்து வீடுகளிலிருந்து வரும் கேபினட்டுகளைத் திறந்தால் திருகுகளில் துரு ஏறியிருக்கும். உப்புக்காற்றும் புழுதியும் ஹீட்சிங்கில் பசைபோல ஒட்டியிருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் அந்தக் கணினி திணறுவது ஓவர்லேயால் அல்ல. கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ரிச்சி தெருவில் பழைய கார்டு வாங்கியவர்கள், வாங்கிய நாளிலிருந்தே மூடுகிறதா என்பதையும் நினைவுபடுத்திப் பார்க்கட்டும். கார்டோடு சேர்த்து அதன் செயலியையும் அன்றுதானே போட்டிருப்பீர்கள்?

எஃப்பிஎஸ் எண் எனக்குக் கட்டாயம் வேண்டும். என்ன செய்வது?

பல போட்டிக் கேம்களில் அதைக் காட்டும் வசதி கேமின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, வேலரன்ட்டிலும் உண்டு. அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் ஸ்டீமின் எண்ணையோ, என்விடியாவின் எண்ணையோ, ரிவாட்யூனரின் எண்ணையோ ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூலையில் மூன்று எண்கள் ஓடும் திரைகளைப் பார்த்திருக்கிறோம்; மூன்றும் ஒரே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தன.

யூடியூபுக்காகப் பதிவு செய்கிறேன். ஓபிஎஸ்ஸும் ஓவர்லேயா?

அது கேமின் மேல் எதையும் வரைவதில்லை. ஆனால் ‘கேம் கேப்ச்சர்’ என்ற முறையில் படத்தை எடுக்க அதே ஹூக்கைத்தான் பயன்படுத்துகிறது. சந்தேகம் இருந்தால் ‘டிஸ்ப்ளே கேப்ச்சர்’ அல்லது ‘விண்டோ கேப்ச்சர்’ முறைக்கு மாற்றிப் பதிவு செய்து பாருங்கள். அவை கேமுக்குள் நுழைவதில்லை. அறிவிப்புகளும் சேர்ந்து பதிவாகிவிடும் என்பது டிஸ்ப்ளே கேப்ச்சரின் குறை.

ஓவர்லே போட்டிருந்தால் ஆன்டி-சீட் என் கணக்கைத் தடை செய்துவிடுமா?

ஒரு கோப்பைக் கேமுக்குள் ஏற விடாமல் தடுப்பது வேறு, ஆளின் கணக்கைத் தடை செய்வது வேறு. ஏமாற்று நிரல்களும் ஓவர்லேக்களும் உள்ளே நுழையும் வழி ஒன்றே என்பதால், ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ, வான்கார்ட் போன்றவை தமக்கு அறிமுகமில்லாத கோப்புகளைத் தடுக்கின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவில் வால்வ் நிறுவனம் 2020-இல் ‘டிரஸ்டட் மோட்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, டிஜிட்டல் கையொப்பமில்லாத டிஎல்எல் கோப்புகள் கேமோடு சேர்வதைத் தடுத்தது. பெயர் பெற்ற ஓவர்லேக்கள் பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. ஆனால் கேமின் ஃபோல்டரிலேயே போட்டு நிறத்தை மாற்றும் ரீஷேட் போன்றவற்றை ஆன்லைன் போட்டிக் கேம்களில் போடாமல் இருப்பதே நல்லது. ரீஷேட் போட்டதை மறந்துவிட்டவர்கள், கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் டிஎக்ஸ்ஜிஐ என்ற பெயரில் ஒரு டிஎல்எல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டீம் ஓவர்லேயை நிரந்தரமாக அணைத்தால் எதை இழப்பேன்?

கேமுக்குள்ளிருந்தே நண்பர்களோடு அரட்டை அடிப்பது, எஃப்12 அழுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது ஆகியவை நின்றுவிடும். சில கேம்களில் உள்ளே பொருள் வாங்கும் திரையும் திறக்காது. கன்ட்ரோலர் வைத்து விளையாடுபவர்கள் கவனிக்க வேண்டியது: ஸ்டீம் இன்புட் மூலம் பொத்தான்களை மாற்றி அமைத்திருந்தால் அது ஓவர்லேயை நம்பியே வேலை செய்கிறது, அணைத்ததும் கன்ட்ரோலர் செத்துவிட்டது போலத் தோன்றும். அது கன்ட்ரோலரின் பழுது அல்ல. எனவே பிரச்சினை தரும் கேமுக்கு மட்டும் அணையுங்கள்.

கேம் மூடவில்லை, ஆனால் திணறுகிறது. அதற்கும் இதுதான் காரணமா?

இருக்கலாம். 2024 டிசம்பரில், என்விடியா ஆப்பைப் போட்டவர்களுக்குச் சில கேம்களில் வேகம் குறைவதாகப் புகார் எழுந்தபோது, ஓவர்லேக்குள் இருக்கும் ‘கேம் ஃபில்டர்ஸ்’ வசதியை அணைக்கும்படி அந்த நிறுவனமே சொன்னது. யாரும் ஃபில்டர் எதையும் பயன்படுத்தாதபோதும் அந்த வசதி வேகத்தைத் தின்றுகொண்டிருந்தது. இதைத் தவிர, ஸ்டீம், டிஸ்கார்ட், ஓவர்வுல்ஃப் மூன்றும் தமக்குள் ஒரு பிரவுசரையே வைத்துக்கொண்டு ஓடுபவை. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் மூன்றும் திறந்திருந்தால் கேமுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கடைக்கு வரும்போது எதைக் கொண்டு வர வேண்டும்?

சிபியு மட்டும் போதும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் கடையில் இருக்கின்றன. மழை நாளில் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கன்ட்ரோலர் வைத்து விளையாடுபவர் என்றால் அதையும், உங்கள் கேம் கணக்குக்கான ஓடிபி வரும் செல்பேசியையும் கொண்டு வாருங்கள். கடைசியாக மூடியது எந்த நாள், எத்தனை மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை ஒரு சீட்டில் குறித்து வந்தால் பதிவுகளோடு ஒப்பிட வசதியாக இருக்கும். வருவதற்கு முந்தைய நாள் யாராவது சொன்னார்கள் என்று ஃபார்மேட் மட்டும் போட்டுவிடாதீர்கள். கேம் விழுந்த நாட்களின் சிவப்புக் குறிகள் எல்லாம் அதோடு அழிந்துவிடும், பிறகு கேம் மறுபடி மூடும் வரை நாமெல்லாம் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.